வளவில் ராஜா கதை: கோர்ட் ஜெஸ்டரா, புலிகேசியா?

விடுமுறைக்குக் காரைக்குடி வீட்டில் பேரப்பிள்ளைகள் கூடினால் எந்த ராஜா படத்தைப் போடுவது? 1955-இல் வந்த ‘தி கோர்ட் ஜெஸ்டர்’ 101 நிமிடம்தான். விரலைச் சொடுக்கினால் நாயகன் டேனி கே வாள்வீரன். மறு சொடுக்கில் தொடைநடுங்கி. அந்தச் சண்டைக்கு மொழியே வேண்டாம். ஆனால் விஷம் எந்தக் கோப்பையில் என்று நாக்குக் குழறும் காட்சி முழுக்க ஆங்கில எதுகை. ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, போய்ச் சேராது.

2006-இன் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ 18-ஆம் நூற்றாண்டுக் கதை, நீளமும் கூடுதல். இருந்தாலும் வடிவேலுவின் இரட்டை வேடத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. மூன்று தலைமுறையும் உட்காரும் என்றால் இதுதான்.

எதுவானாலும் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நன்றாக இருட்டிய பிறகே புரொஜெக்டர். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் பளபளப்பு. நடுவில் வெளிச்சம் திட்டாகத் தெறிக்கும். எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் திரையாக இழுத்துக் கட்டுங்கள்.