தென்னங்குருத்து மடங்கி வருகிறதா? மரத்தில் துளை போட விடாதீர்கள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். தென்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு தோப்புத் தோப்பாக பைக்கில் வரும் ஒருவரிடம் 24,000 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன்.

எங்களுடையது 60 மரம், ஆறு வயது. அப்பா கடைசியாக வைத்தவை. போன வருடம் மழை முடிந்ததும் 11 மரங்களில் புது மட்டைகள் கோணலாக வந்தன. நீளம் குறைவு. ஓலைகள் பிரியாமல் மடித்த விசிறி போல ஒட்டிக்கிடந்தன, நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அடிமட்டைகளோ பச்சைப் பசேலென்று இருந்தன. அதைத்தான் நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

வந்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "வேர் வாடலுங்கண்ணா. விட்டா தோப்பே போயிரும்" என்றார். அந்த நோயில் தோப்பை இழந்தவர்களை இங்கே பார்த்திருக்கிறோம். பேரைக் கேட்டதுமே எனக்குக் கை நடுங்கிவிட்டது. மரத்துக்கு 400 ரூபாய். பரவிவிடும் என்று நல்ல மரங்களையும் சேர்த்து 60 மரத்திலும் துளை போட்டு, பேர் ஒட்டாத கேனிலிருந்து மருந்து ஊற்றினார். ரசீது தரவில்லை.

நான்கு மாதம் ஆகியும் குருத்து அப்படியேதான் வந்தது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம்தான் ஒரு மட்டையை வெட்டி ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போனேன். பார்த்தவுடனே சொன்னார்கள், போரான் சத்துக் குறைவு என்று. மழையில் போரான் மண்ணிலிருந்து கரைந்து போய்விடும். பழைய இலையில் இருக்கும் போரான் குருத்துக்கு நகராது, அதனால் புது மட்டையில்தான் கோளாறு தெரியும். வேர் வாடல் என்றால் ஓலைகள் தளர்ந்து விலா எலும்பு போல உள்பக்கம் வளையும், இப்படி ஒட்டிக்கொள்ளாது. அதைக் குணமாக்க மருந்தே கிடையாது என்றும் சொன்னார்கள். அப்படியானால் என் மரங்களுக்குள் ஊற்றியது என்ன?

கோளாறு உள்ள மரத்துக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 50 கிராம் போராக்ஸ் (போரான் உள்ள உப்பு), மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியில் தூவித் தண்ணீர் விட வேண்டும். கூடினால் இலை கருகும், அளவு தாண்டக்கூடாது. ஒரு கிலோ வாங்கினேன். முதல் தவணைக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் செலவானது.

பணம் போனதைக்கூட விடுங்கள். தென்னைக்குப் பட்டை கிடையாது, தண்டில் போட்ட துளை மூடவே மூடாது. காயத்து வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். இரண்டு மரங்களில் துளை வழியாகப் பழுப்பு நீர் வடிந்தது, உள்ளே புழு. காப்பாற்ற முடியவில்லை, வெட்டி எரித்தோம்.

ஏற்கெனவே கோணலான மட்டைகள் கோணலாகவேதான் இருக்கின்றன. ஆனால் போன வாரம் வாய்க்கால் ஓரத்து மரத்தில் குருத்து ஒன்று நன்றாக விரிந்தது. ஓலைகள் தனித்தனியாகப் பிரிந்திருக்கின்றன.