கராத்தேவா, சிலம்பமா, லைஃப் கோச்சிங்கா? புள்ளைய எதுல சேர்க்கலாம்

என் பையனுக்கு ஒம்போது வயசு. யாராவது பேரு கேட்டா என் முதுகுக்குப் பின்னாடி போயிருவான், கேரம்ல தோத்தா போர்டையே தட்டி விட்டுருவான். இவனுக்கு என்ன பண்றதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஆபீஸ்ல ஒருத்தர் லைஃப் கோச்சிங், மச்சான் கராத்தே, எங்கம்மா சிலம்பம். ஒன்றரை வருஷத்துல மூணையும் பாத்துட்டோம், இப்ப யோசிச்சிட்டு இருக்குறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

கோச்சிங் எட்டு சனிக்கிழமை, 6,500 ரூபா. உலக சுகாதார நிறுவனம் 1990கள்லயே வாழ்க்கைத் திறன்கள்னு பத்து சொல்லிருக்கு, தன்னைப் புரிஞ்சுக்கிறது, அடுத்தவங்க கஷ்டம் புரியுறது, முடிவெடுக்குறது, கோவத்தையும் டென்ஷனையும் சமாளிக்கிறது இப்படி. நாங்க போன கிளாஸும் அத வச்சுத்தான் நடந்துச்சு, சொல்லிக் குடுத்தவங்களும் நல்லவங்கதான். ஆனா ஒர்க்‌ஷீட்ல "கண்ணப் பாத்துப் பேசுவேன்", "கோவம் வந்தா பத்து எண்ணுவேன்"னு அழகா எழுதிட்டு வந்தவன் அன்னைக்கு சாயங்காலமே தங்கச்சி மேல ரிமோட்ட எறிஞ்சான். எழுதினது பொய் இல்ல, அவனுக்கு அது மனசாரத் தெரியும், ஆனா கோவம் வர்ற நேரத்துல கைக்கு அது தெரியல. அதே கிளாஸ்ல எங்கக்கா பொண்ணு, பதினாலு வயசு, நல்லா மாறினா, ஏன்னா அவளுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு வார்த்தையில சொல்ல வரும், கேக்க ஒரு ஆள்தான் வேண்டியிருந்துச்சு. அதனால கோச்சிங் பதின்மூணு பதினாலுக்கு மேலதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

கராத்தேல எனக்குப் பிடிச்சது ஒழுங்கு. உள்ள வரும்போது குனிஞ்சு வணக்கம், வரிசை, ஒரே கத்தாவ, அதாவது வரிசையா செய்ற அடி, தடுப்பு அசைவுகள, நூறு தடவ செய்றது. பெல்ட்டும் சின்னப் புள்ளைங்களுக்கு நல்ல தூண்டுதல்தான் (இந்த பெல்ட் பழக்கமே ஜூடோவுல இருந்து வந்தது, ஜூடோவ கானோ ஜிகோரோ 1882ல ஆரம்பிச்சாரு). ஆனா நாங்க சேர்த்த எடத்துல மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட், டெஸ்ட்டுக்கு தனி ஃபீஸ், வந்தவங்க எல்லாருமே பாஸ். தோக்கவே விடாத எடத்துல தோல்வியத் தாங்கிக்க எப்படிப் பழகுவான்? எல்லா கிளாஸும் அப்படின்னு சொல்ல மாட்டேன், சேர்க்குறதுக்கு முன்னாடி "போன டெஸ்ட்ல எத்தன பேரு ஃபெயிலு"ன்னு கேட்டுப் பாருங்க. ஒலிம்பிக்ஸ் ஆசை இருந்தா ஒண்ணு கவனிங்க, கராத்தே டோக்கியோவுல மட்டும்தான் இருந்துச்சு, 2024 பாரிஸ்ல இல்ல. ஜூடோவும் டேக்வாண்டோவும் இருந்துச்சு.

சிலம்பத்துக்கு வர்றேன், மனசு நெறஞ்சது இங்கதான். கோயில் பக்கத்துல ஒரு காலி மைதானம், மாசம் 500 ரூபா. மூணு வாரம் கம்ப கையில குடுக்கவே இல்ல, வெறும் காலடி வரிசைதான், பையன் சலிச்சுப் போயிட்டான். அப்புறம் நெத்தி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு குடுத்தாங்க, மொத நாளே வழுக்கி கணுக்கால்ல விழுந்து வீங்கிருச்சு. ஜோடி போட்டு விளையாட விட்டப்ப இவன் தலையக் குனிஞ்சு கம்பு நுனியவே பாத்துட்டு நின்னான். ஆசான் பக்கத்துல வந்து, "கம்பப் பாக்காதப்பா, எதுக்க நிக்கிறவன் கண்ணப் பாரு, கம்பு எங்க வரும்னு கண்ணு சொல்லிரும்"னாரு. எட்டு வாரம் ஒர்க்‌ஷீட்ல எழுதியும் வராதது இங்க வந்துருச்சு, ஏன்னா கண்ணப் பாக்கலன்னா தோள்ல அடி விழும்.

தொடுமுறைன்னு ஒண்ணு இருக்கு, எதிராளி உடம்புல யாரு கம்பால தொடுறாங்களோ, தொட்டவங்களுக்குப் பாயின்ட். ஒரு சாயங்காலத்துல என் பையன் பத்துப் பதினஞ்சு தடவ தொடு வாங்குவான், ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்து நிக்கணும், மூஞ்சியத் தூக்கி வச்சிக்க நேரமே இருக்காது. நாலாவது மாசம் வீட்ல கேரம்ல தோத்தான். கொஞ்ச நேரம் காயினையே பாத்துட்டு, "இன்னொரு கேம் ஆடலாம்பா"ன்னான். 2021ல இருந்து தமிழ்நாட்ல அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பமும் இருக்கு, ஆனா நான் அதுக்காகச் சேர்க்கல.

ஒரு விஷயம் மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க. எந்தக் கலையா இருந்தாலும் மாஸ்டர் புள்ளைங்கள அடிச்சா, அசிங்கப்படுத்தினா, அன்னைக்கே நிறுத்திருங்க, மொத மாசம் ஓரமா நின்னு பாருங்க. புள்ள ராத்திரி தூங்கல, சாப்பிடல, ஸ்கூலுக்குப் போகவே பயப்படுதுன்னா கம்பும் வேண்டாம் கோச்சும் வேண்டாம், நேரா டாக்டர்ட்டயோ, இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ண மருத்துவ உளவியலாளர்ட்டயோ போங்க. கோச்னு போர்டு வைக்க நம்ம நாட்ல எந்த லைசென்ஸும் தேவையில்ல.

அடுத்து தங்கச்சிக்கு, ஆறு வயசு. ஜூடோவான்னும் யோசிச்சோம், அங்க மொதல்ல அடிபடாம விழத்தான் சொல்லித் தர்றாங்க, ஆனா வீட்டுப் பக்கம் கிளாஸ் இல்ல. போன ஞாயித்துக்கிழம அண்ணன் கூட மைதானத்துக்கு வந்தா, ஆசான் அவளயும் நிக்க வச்சு நெத்தி வரைக்கும் அளந்து ஒரு கம்ப வெட்டிக் குடுத்துட்டாரு. ராத்திரி அதப் பக்கத்துலயே வச்சிக்கிட்டுத் தூங்குறா.