மூத்த புரோக்கர்களுக்குப் பயிற்சி: ஒரு வருஷம் காசு கட்டியவன் சொல்வது

திருப்பூரில் ரியல் எஸ்டேட் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "நீ சேர்ந்திருக்கற அந்தப் புரோக்கர் கோச்சிங்கை இப்பப் பாதி விலைக்குத் தர்றாங்களாம். எங்க பெருசுகளைச் சேர்த்து விடட்டுமா?" பாதி விலை என்றதும் முழு விலை கட்டியவனுக்கு வர வேண்டிய கோபம் எனக்கும் வந்தது. அது இந்தப் பதிவில் ஆங்காங்கே தெரியும், கழித்துவிட்டுப் படியுங்கள்.

வாரம் ஒரு வகுப்பு, பார்ட்டிகளை, அதாவது வாங்க விற்க வருபவர்களைப் பதிகிற ஆப், வாட்ஸ்அப் குழு, மாதம் ஒருமுறை பயிற்சியாளர் நேரில் வருவது. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, திரும்ப எழுதவில்லை. எங்கள் ஆபீஸ் கோவையில். சரவணம்பட்டி, அன்னூர், சூலூர் பக்கம் மனையும் தோட்டமும் பார்க்கிறோம். என்னிடம் இருப்பவர்களில் பாதிப் பேர் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே பத்திர ஆபீஸ் வாசலில் நின்றவர்கள். "அனுபவசாலிகளை மாற்றிக் காட்டுகிறோம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் ராத்திரி 9 மணிக்குக் குழுவில் ஒரு பட்டியல் வரும். இன்று யார் எத்தனை பார்ட்டியை ஆப்பில் ஏற்றினார்கள் என்று. ஏற்றியவர் பெயர் பச்சையில், ஏற்றாதவர் பெயர் சிவப்பில். அறுபதைத் தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்தவர், அவர் பெயர் கீழே சிவப்பில் கிடக்கும். மேலே, போன மாதம் சேர்ந்த பையன் பெயர் பச்சையில், பக்கத்தில் ஒரு கோப்பைப் படம் வேறு. அந்தப் பையன் ஏற்றியதெல்லாம் நெட்டில் வந்த எண்கள், பாதிப் பேர் போனே எடுப்பதில்லை. சிவப்பில் இருந்தவரோ அன்று பகல் முழுக்க அன்னூரில், ஒரு தோட்டத்து விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளை ஒரே திண்ணையில் உட்கார வைத்து விலை பேசிக்கொண்டிருந்தார். இதைப் பதிய அந்த ஆப்பில் கட்டமே கிடையாது.

பட்டியலை நிறுத்துங்கள் என்று கேட்டேன். போட்டி இருந்தால்தான் பழக்கம் மாறும் என்றார்கள். மறுபடி கேட்டேன். சிவப்பை ஆரஞ்சாக மாற்றிக் கொடுத்தார்கள்.

வகுப்பிலும் இதே பாட்டுதான். மூத்தவர்கள் மாற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், பழகிய வழியை விட மாட்டேன் என்கிறார்கள், இப்படியே ஸ்லைடு ஸ்லைடாகப் போகும். எங்கள் ஆட்கள் முன் வரிசையில் உட்கார்ந்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

இவர்களா மாறாதவர்கள்? 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, பஞ்சாயத்து அப்ரூவலைச் சொல்லி ஓடிக்கொண்டிருந்த வியாபாரம் அப்படியே படுத்துவிட்டது. இதே ஆட்கள்தான் டிடிசிபி எண்ணை, அதாவது நகர் ஊரமைப்புத் துறை கொடுக்கும் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்க்கப் பழகினார்கள். 2017இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்ததும் மனை வாங்கியவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதில் பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவில்லாமல் விற்றுக் கொடுத்தால் ஏஜெண்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறும் என்று தெரிந்ததும், மனை போட்டு விற்கும் புரோமோட்டர் விளம்பர நோட்டீஸைக் கையில் கொடுத்தால் முதலில் பதிவு எண் எங்கே என்று தேடுகிறார்கள். வில்லங்கத்தை நெட்டிலேயே பார்க்கலாம் என்று ஆனபோது, சார்பதிவாளர் ஆபீஸ் அலைச்சல் மிச்சம் என்று, மகளிடமோ மருமகளிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். இதற்கெல்லாம் யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அப்புறம் ஏன் ஆப்பில் மட்டும் பார்ட்டி எண்ணை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்? சூலூர் பக்கம் பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் தனியாகக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட சின்ன நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "தம்பி, இதுல இருக்கறதுதானுங்க எம் பொழப்பு. உங்க கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா நாளைக்கு நான் எதுக்குங்க?"

இவ்வளவுதான் விஷயம். ஒரு கோடி ரூபாய் தோட்டத்துக்கு 1 சதவீதம் கமிஷன் என்றாலும் லட்ச ரூபாய். அந்த லட்ச ரூபாய்க்கு ஆதாரம் யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்கிற இரண்டு போன் எண்கள். அதைப் பொதுவில் போட்டால், பச்சையில் பெயர் வந்த பையன் நாளைக்கே அந்த எண்ணுக்கு நேராகப் பேசலாம். நான்கூடப் பேசலாம். இதில் பயப்படாமல் இருந்தால்தான் அந்த மனிதருக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம்.

நான் ஒரு வேலை செய்தேன். ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒவ்வொருவரிடமும் கொடுத்தேன்: நீங்கள் பதிந்த பார்ட்டி ஒரு வருஷத்துக்குள் எங்கள் மூலமாக எது வாங்கினாலும், விற்றாலும், யார் முடித்தாலும் உங்கள் பங்கு உங்களுக்கு. ஆபீஸை விட்டுப் போனாலும் இது செல்லும். அண்ணன் அதை மடித்து அந்த நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்கள் வர ஆரம்பித்தன, எல்லாம் இல்லை, கொஞ்சம் பழைய பார்ட்டிகள் மட்டும். அது போதும். பயிற்சியாளரிடம் சொன்னேன். "பாருங்க சார், மைண்ட்செட் மாறிடுச்சு" என்று குழுவில் கைதட்டல் படம் போட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே சந்தாவை நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தாததற்குக் காரணம் ரெக்கார்டிங் வகுப்பு. விளம்பரத்தில் இதை ஒரு ஓரத்தில்தான் போட்டிருக்கிறார்கள். பார்ட்டியிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்த போன் பேச்சை, பேசியவரே பயிற்சியாளரோடு தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். வேறு யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. அதே அண்ணன் உட்கார்ந்தபோது, அவர் கேட்டுக்கொண்டதால் நானும் கூட இருந்தேன். ரிட்டயர் ஆன ஒருவர் 5 சென்ட் கேட்டு அழைத்த பேச்சு அது. அண்ணன் அன்னூர் ரோட்டைப் பற்றி, அங்கே விலை ஏறப் போவதைப் பற்றி, தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்பது வரை நிறுத்தாமல் பேசுகிறார். எதிர்முனையில் "ம்", "சரிங்க" மட்டும். நடுவில் ஒரே ஒரு இடத்தில் அந்தப் பெரியவர், "பொண்ணு சரவணம்பட்டியிலதான் வேலைக்குப் போகுது" என்கிறார். அண்ணன் அதைத் தாண்டிக்கொண்டு மறுபடி அன்னூருக்கே போய்விடுகிறார்.

பயிற்சியாளர் அங்கே நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அண்ணன் திரும்பப் போடச் சொன்னார். கேட்டார். "அவரு அங்கயே சொல்லிட்டாருங்களே" என்றார். சாயங்காலமே அந்தப் பெரியவரைக் கூப்பிட்டார். எடுத்ததும் மகளுக்கு ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார், பிறகு வெகுநேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். மனை கடைசியில் கோவில்பாளையத்தில் முடிந்தது. இப்போது அவர் நோட்டில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் கீழே ஒரு வரி காலியாக விட்டு, அவர்கள் சொன்னதை எழுதி வைக்கிறார். எந்த ஸ்லைடுக்கும் அசையாதவர் தன் குரலைத் தானே கேட்டதும் அசைந்தார்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு முழு விலையும் தகும், மனசாட்சியோடு சொல்கிறேன்.

இருந்தாலும் நண்பனிடம் "சேராதே" என்றுதான் சொன்னேன். அவன் ஆபீஸில் இருக்கும் மூவரில் ஒருவர் மகா ரோஷக்காரர். முதல் நாள் சிவப்பில் பெயர் வந்தால் இரண்டாம் நாள் எதிர்த்த கடையில் உட்கார்ந்திருப்பார், நோட்டோடு. ரெக்கார்டிங் வகுப்பை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பார், தர மாட்டார்கள், அதையும் நானே கேட்டுவிட்டேன் என்றேன்.

"அப்ப நீ நிறுத்திட்டியா?" என்றான்.

நிறுத்தவில்லை. எங்கள் ஆபீஸில் இன்னும் இரண்டு பேர் தங்கள் ரெக்கார்டிங்கைக் கேட்கவில்லை, அதற்காக இந்த வருஷமும் கட்டியிருக்கிறேன். பழைய விலைக்குத்தான். தள்ளுபடி புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டுமாம்.