மால்டி வேலையில் எஃகு பிளேட்டும் ஆங்கர் பிளேட்டும்: என் அனுபவம்

குளச்சல் சாளை, நெத்தோலியில் இருந்து எடுக்கும் புரதங்களை நாகர்கோவிலில் பல வருடமாக மால்டியில் (லேசர் அடித்து மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) பார்த்து வருகிறேன். மாதிரிச் சொட்டை வைக்கும் பிளேட்டில், எஃகில் தொடங்கி, இப்போது பெரும்பாலும் ஆங்கர் பிளேட்தான். சிக்னல் போதவில்லை என்று மெஷினைக் குறை சொல்பவர்கள் முதலில் பிளேட்டை மாற்றிப் பார்க்க வேண்டும்.

எஃகில், மாதிரியும் மேட்ரிக்ஸும் (லேசர் ஒளியை உள்வாங்கி மாதிரியை ஆவியாக்க உதவும் படிகப் பொருள்) கலந்த ஒரு மைக்ரோலிட்டர் சொட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குப் பரந்துவிடும். காய்ந்ததும் ஓரத்தில் வளையமாகப் படிகம், நடுவே வெறுமை. லேசரை நகர்த்தி நகர்த்தி நல்ல இடம் தேட வேண்டும். நம் மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அந்த ஈரத்தில் சொட்டு மெதுவாகக் காய்ந்து, படிகம் பெரிது பெரிதாக, இடைவெளி விட்டு வளரும். ஆங்கர் பிளேட்டில் நீர் ஒட்டாத பூச்சு, அதன் நடுவே நீரை ஏற்கும் சின்ன வட்டம். 400, 600, 800 மைக்ரான் அளவுகளில் உண்டு. காயக் காய சொட்டு அந்த வட்டத்துக்குள் சுருங்கி உட்காரும். எஃகில் இரைச்சலோடு இரைச்சலாகக் கிடந்த பெப்டைடு (புரதத் துண்டு) பீக், அதாவது வரைபடத்தில் அதன் முகடு, இங்கே தலை தூக்குகிறது.

ஆனால் உப்பும் சேர்ந்தே செறியும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கடல்மீன் சாற்றில் உப்புக்கா பஞ்சம்? பீக்குக்கு 22 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) தள்ளி சோடியம், 38 தள்ளி பொட்டாசியம் என்று வால் முளைக்கும். எனக்குக் கைகொடுத்தது பிளேட்டிலேயே கழுவுவது. சிஎச்சிஏ மேட்ரிக்ஸ் என்றால், காய்ந்த ஸ்பாட் மேல் 0.1 சதவீத டிஎஃப்ஏ அமிலம் கலந்த ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து, சில நொடியில் பிப்பெட்டால் உறிஞ்சிவிடுவேன். குளிர்ந்த அமில நீரில் படிகம் அவ்வளவாகக் கரையாது, உப்பு போய்விடும். டிஎச்பி என்ற மேட்ரிக்ஸுக்கு இது ஆகாது, படிகமே கரைந்துவிடும். அதற்கு முன்னதாகவே சி18 டிப்பில் (புரதத்தைப் பிடித்துக்கொண்டு உப்பை விட்டுவிடும் பிப்பெட் முனை) உப்பை நீக்குங்கள்.

மீன் தசையில் உள்ள பார்வால்புமின் போல 12 கிலோடால்டன் பக்கம் வரும் முழுப் புரதம், அதுவும் தாராளமாகக் கிடைக்கிறது என்றால், சினாபினிக் அமில மேட்ரிக்ஸும் பழைய எஃகு பிளேட்டுமே போதும்.

அப்புறம் பராமரிப்பு. எஃகை நன்றாகவே தேய்த்துக் கழுவலாம். ஆங்கரில் கை அழுத்தம் கூடவே கூடாது. ஐசோபுரொப்பனாலில் நனைத்த, நார் உதிராத துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பூச்சில் கீறல் விழுந்தால் சொட்டு வட்டத்தில் நிற்காமல் கீறல் வழியே பக்கத்து ஸ்பாட்டுக்கு ஓடும், இரண்டு மாதிரியும் கலந்துவிடும். அப்படிப்பட்ட ஸ்பாட்டைக் குறித்து வைத்து, மறுபடி மாதிரி வைக்காமல் விட்டுவிடுகிறேன்.