லண்டன் – மதுரை, ஒரு மாதம்: முடக்குவாத மருந்தும் ரத்தப் பரிசோதனையும்

மதுரையில் ரத்தம் கொடுப்பது லண்டனைவிடச் சுலபம். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்து எடுத்துப் போனார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில். அதைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும்.

முடக்குவாதத்தில் நம் வெள்ளணுக்களே மூட்டுச் சவ்வில் குவிந்து வீக்கத்தைக் கிளப்புகின்றன. வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை அதை அடக்கும். அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜையில் அணு உற்பத்தியே படுத்துவிடும். அதனால்தான் இந்தப் பரிசோதனை. முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரோஃபில், கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு. லண்டனில் அது ஆயிரக் கணக்கில் நேரடி எண்ணிக்கை, 1.6-க்குக் (1,600) கீழே இறங்கினால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். ஊர் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் சதவீதம்தான். மொத்த வெள்ளணு 3,800, நியூட்ரோஃபில் 40% என்று வைத்துக்கொள்ளுங்கள். 40% நார்மல் வரம்புக்குள் இருப்பதால் அந்த வரியில் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது. பெருக்கினால் 1,520, அதாவது 1.52. பிளேட்லெட்டை லட்சத்தில் போடுவார்கள்: 1.4 லட்சம் என்பது லண்டன் கணக்கில் 140.

பெரிய ஆபத்து மருந்துக்கடையில். லண்டனில் 2.5 மி.கி. மாத்திரைதான் வழக்கம்; வாரம் 15 மி.கி. என்றால் ஆறு மாத்திரை. இங்கே 5, 7.5, 10, 15 என்று எல்லா அளவிலும் அட்டை உண்டு. பழைய ஞாபகத்தில் 10 மி.கி. மாத்திரையை ஆறு விழுங்கினால் 60 மி.கி.! ஆகவே மாத்திரையை எண்ணாதீர்கள், மில்லிகிராமைக் கூட்டுங்கள். காகித உறையில் கடைக்காரர் கைப்பழக்கத்தில் 1-0-0 என்று எழுதிக் கொடுத்தார். அதன்படி போனால் வார மருந்து தினசரி மருந்தாகிவிடும். அங்கேயே அடித்து, கிழமையை எழுதி வாங்குங்கள். வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

நீர்க்கடுப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் ட்ரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட், ட்ரைமெத்தோப்ரிம் இரண்டும், அணுக்கள் உருவாகத் தேவையான ஃபோலேட் வைட்டமினையே தடுப்பவை. சேர்ந்தால் மஜ்ஜை தாங்காது. கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற கூட்டு மாத்திரையிலும் ட்ரைமெத்தோப்ரிம் இருக்கிறது.

முடக்குவாதத்துக்கே அடாலிமுமாப் ஊசி போடுபவர்கள் அதைக் கைப்பையில் கொண்டுவருவதே சரி. சரக்குப் பெட்டியில் உறைந்தால், உருகிய பிறகும் அது உதவாது. வீட்டில் 2–8 டிகிரி; ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வெளியே 25 டிகிரி வரை 14 நாள் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், மதுரை வெயிலில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? கரண்ட் போனால், துணி சுற்றிய ஐஸ் பையோடு தெர்மோஸ் பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள்.