மாத்திரையா, வார ஊசியா?

ஐ.டி.பி. (இம்யூன் த்ரோம்போசைட்டோபீனியா) என்ற நோய் வந்தவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையும் அதற்கு ஈடாக உற்பத்தியைக் கூட்டுவதில்லை. ஸ்டீராய்டு கொடுத்தும் தட்டணு எண்ணிக்கை நிற்காதபோது மருத்துவர் முன்வைக்கும் மருந்துகளில் எல்ட்ரோம்போபாக் மாத்திரையும் ரோமிப்லோஸ்டிம் ஊசியும் முக்கியமானவை. இரண்டுக்கும் அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கிடைத்தது.

இரண்டும் தட்டி எழுப்புவது ஒரே செல்லைத்தான்: மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட். உருவத்தில் பெரிய அந்தச் செல், ரத்தக்குழாய்க்குள் நீளமான இழைகளை நீட்டும். அவை உடைந்து ஆயிரக்கணக்கான தட்டணுக்களாகின்றன. அதைத் தூண்டும் இயற்கை ஹார்மோன் த்ரோம்போபாய்ட்டின். அந்தச் செல்லில் அது ஒட்டும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். ஊசி மருந்து, ஏற்பியில் அந்த ஹார்மோன் ஒட்டும் இடத்திலேயே ஒட்டுகிறது. மாத்திரையோ ஏற்பியின் செல்சவ்வுக்குள் புதைந்த பகுதியைப் பிடிக்கிறது. அதனால்தான் ஒன்றில் பலன் கிடைக்காதவர்களில் பலருக்கு மற்றொன்று கைகொடுக்கிறது. ஆனால் செல் முதிர நாளாகும். எதை எடுத்தாலும் எண்ணிக்கை ஏற ஓரிரு வாரம் பிடிக்கும்; ரத்தக்கசிவு அவசரத்துக்கு இவற்றை மட்டும் நம்ப முடியாது.

பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் அன்றாட வாழ்க்கையில்தான். கால்சியமும் இரும்பும் எல்ட்ரோம்போபாக்கைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் பால், தயிர், கேழ்வரகு, சத்து மாத்திரை, ஆன்டாசிட் எதுவானாலும், அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் பின்போதான் மாத்திரை போட வேண்டும். விடிந்ததும் பால் காபி குடிக்கும் நம் வீடுகளில் இது லேசான காரியமல்ல. 6 மணிக்குத் தண்ணீரில் மாத்திரை, 8 மணிக்குக் காபி என்று பழகிவிட்டால் சிக்கலில்லை. எண்ணிக்கை ஏறவில்லை என்று மருந்தைக் குறை சொல்லும் முன், எதனோடு சேர்த்துச் சாப்பிட்டோம் என்று பாருங்கள். கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது அவசியம்.

ஊசிக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட வேண்டும். அளவை எடையையும் எண்ணிக்கையையும் பார்த்தே முடிவு செய்வார்கள்; தொடக்கத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு.

கல்லீரல் பலவீனமானவருக்கும், மாத்திரை நேரத்தை ஒழுங்காகக் காக்க முடியாதவருக்கும் ஊசியே மேல் என்பேன். மருத்துவமனை தொலைவில் உள்ளவருக்கு மாத்திரை. எதுவானாலும் இலக்கு, தட்டணு எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டுவதுதான், இயல்பான 1.5 லட்சமல்ல, அளவுக்கு மீறி ஏறினால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள், எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் கீழே விழலாம்.