டி.கே. மேக்ஸின் அழகுப்பொருள் அடுக்கு: பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கிறிஸ்துமஸ் கழிந்த இரண்டாவது வாரத்தில், லண்டனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள டி.கே. மேக்ஸ் கடையில் மூன்று கட்டிகள் கொண்ட ஒரு சோப்புப் பெட்டி வாங்கினேன். பெட்டியின் மேல் பொன்னிறத்தில் நட்சத்திரங்களும் பனிமான்களும் அச்சிடப்பட்டிருந்தன. உள்ளே இருந்ததோ ஆண்டு முழுவதும் விற்கும் சாதாரண லாவெண்டர் சோப்புதான். அட்டையில் பனிமான் இருந்த ஒரே காரணத்தால், பண்டிகை முடிந்த மறுநாளே அது மற்ற கடைகளுக்கு வேண்டாத சரக்காகிவிட்டது. விலைச்சீட்டில் மற்ற இடங்களின் விலையாக 12 பவுண்டும், இந்தக் கடையின் விலையாக 5 பவுண்டும் போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன், கட்டிகளின் விளிம்பு கூட மழுங்கவில்லை, மணமும் குறையவில்லை.

1994இல் பிரிஸ்டல் நகரில் முதல் கிளையைத் திறந்த இக்கடை, அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். நிறுவனத்தைச் சேர்ந்தது. உற்பத்தியாளர்கள் அளவுக்கு மீறித் தயாரித்தவை, வேறு கடைகள் கேட்டுவிட்டுப் பின்னர் வேண்டாமென்றவை, பருவம் முடிந்து தேங்கியவை ஆகியவற்றை மலிவாக வாங்கி விற்பதுதான் இவர்களுடைய தொழில். இன்று கண்ட பொருளை அடுத்த வாரம் தேடினால் கிடைக்காது. இந்த முறை துணிமணிக்குப் பொருந்துவதைவிட அழகுப்பொருளுக்கு அதிகமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். ஏனெனில் உதட்டுச்சாயமோ கிரீமோ கெட்டுப்போவதால் மட்டும் விற்காமல் நிற்பதில்லை. நிறுவனம் குப்பியின் வடிவத்தை மாற்றும். ஒரு நிறத்தை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கொண்டுவரும். உடனே பழையது, சீல் பிரிக்கப்படாமல் இருந்தாலும், அடுக்கிலிருந்து இறக்கப்படும். அப்படி இறக்கப்பட்டது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

2018இல் ஒரு முறை அந்தக் கேள்வி ஊரறிய எழுந்தது. பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பரி ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததாக அதன் ஆண்டறிக்கையிலிருந்து தெரியவந்தபோது, அதில் ஏறக்குறைய 1 கோடி பவுண்டு மதிப்புக்கு வாசனைத் திரவியங்களே இருந்தன. அவற்றில் குறை எதுவும் இருக்கவில்லை. வாசனைப் பிரிவின் உரிமம் கோட்டி என்ற அழகுப்பொருள் நிறுவனத்துக்குக் கைமாறியதால் பழைய சரக்கு தேவையற்றதாகிப் போனது. எதிர்ப்பு வலுத்ததும், விற்காத சரக்கை இனி அழிப்பதில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் பர்பரி அறிவித்தது. பிரான்ஸ் நாடு 2020இல் ஒரு சட்டம் இயற்றி, உணவல்லாத புதிய பொருட்கள் விற்காமல் போனால் அவற்றை மறுபயன்பாட்டுக்கோ கொடைக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியிருக்கிறது. பிரிட்டனில் அதற்கு நிகரான சட்டம் இல்லாத நிலையில், இத்தகைய கடைகள் செய்யும் வேலையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனால் அடுக்கிலுள்ள அனைத்தும் குப்பைக்குப் போகவிருந்து மீட்கப்பட்டவை என்று நம்பிவிடக் கூடாது. தங்களுக்கென்றே தயாரிக்கப்படும் பொருட்களும் விற்பனையில் உண்டு என்பதை டி.ஜே.எக்ஸ். நிறுவனமே சொல்கிறது. எது மீட்கப்பட்ட சரக்கு, எது இதற்கென்றே செய்த சரக்கு என்பதை விலைச்சீட்டைப் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை. கழிவைக் குறைக்கும் எண்ணத்தோடு வருபவருக்கு இது சிறிய குறையல்ல.

அடுத்தது தேதி. இந்தியாவில் சோப்போ பவுடரோ வாங்கினால் தயாரித்த மாதமும் பயன்படுத்தவேண்டிய கடைசி மாதமும் அட்டையிலேயே இருக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும், 30 மாதத்துக்கு மேல் தாங்கக்கூடிய அழகுப்பொருளுக்கு அந்தக் கடைசித் தேதி தேவையில்லை; மூடி திறந்த குப்பியின் படமும், திறந்தபின் எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணும் இருந்தால் போதும். ஆகவே, திறக்காத குப்பி கிடங்கில் ஓராண்டு கிடந்ததா, நான்காண்டு கிடந்ததா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும், பெட்டியின் அடியிலுள்ள பேட்ச் எண் ஒன்றுதான் துணை. அந்த எண்ணைக் கொடுத்தால் தயாரித்த மாதத்தைச் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. எல்லா நிறுவனங்களின் எண்களையும் அவற்றால் படிக்க முடிவதில்லை.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டி.கே. மேக்ஸ் அல்ல, மீதிச் சரக்கை இணையத்தில் விற்கும் வேறொருவரிடம், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைட்டமின் சி சீரமும் முகத்துக்குப் பூசும் எண்ணெயும் வாங்கினேன். இரண்டுமே சீல் உடையாமல்தான் வந்து சேர்ந்தன. வெளிர்மஞ்சளாக இருக்கவேண்டிய சீரம், ஆறிப்போன கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. எண்ணெய்க் குப்பியைத் திறந்ததும், மழைக்காலத்தில் மறந்துபோன தேங்காயெண்ணெய் டின்னிலிருந்து வருமே, அந்தக் காறிய வாடை அடித்தது. இரண்டையும் அன்றைக்கே எறிந்தேன். மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பொருள் என் வீட்டு வழியாகக் குப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. இடையில் தபால் பெட்டியும் நிரப்புக் காகிதமும் கூடுதல் செலவு.

அதனால் இப்போது பொருள் பார்த்து வாங்குகிறேன். சோப்பு, குளியல் உப்பு, அழுத்திய பவுடர், ஒளி படாமல் பெட்டிக்குள் இருந்த வாசனைத் திரவியம், சீப்பு, பிரஷ் ஆகியவற்றைத் தயக்கமின்றி எடுப்பேன். ஷாம்பூவும் உடல் லோஷனும் அடியிலுள்ள எண்ணைப் பார்த்த பிறகுதான். சன்ஸ்கிரீன், வைட்டமின் சி சீரம், ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை சேர்ந்த கிரீம், இமைமுடிக்குப் பூசும் மஸ்காரா ஆகிய நான்கையும் இங்கே எந்த விலைக்கும் தொடுவதில்லை. சீல் இல்லாத எதையும் எடுப்பதில்லை. மூடியைத் திறந்து விரல்விட்டுப் பார்க்கும் பழக்கம் எல்லாக் கடைகளிலும் உண்டு.

மலிவு என்பதற்காக நான்கு பெட்டி வாங்கிக் குளியலறை அலமாரியில் அடுக்குவதிலும் பொருளில்லை. நான் அப்படி அடுக்கியிருந்தவற்றில் பிரிக்காதவற்றை, பியூட்டி பேங்க்ஸ் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தேன். சோப்பும் பற்பசையும் வாங்க வழியில்லாதவர்களுக்கு அவற்றைச் சேர்ப்பிக்க, 2018இல் இரண்டு பெண்கள் தொடங்கிய அமைப்பு அது. இவ்வகைக் கடைகளிலும் விலைபோகாத சோப்புக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கடையிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். விலைச்சீட்டில் பழைய விலைக்கும் புது விலைக்கும் இடமிருக்கிறது; அழகுப்பொருளுக்கு மட்டும் அதே சீட்டில் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் அச்சிடட்டும். இரண்டாண்டுப் பழையது என்று தெரிந்தாலும் அந்த லாவெண்டர் சோப்பை நான் வாங்கியிருப்பேன்.